ஹூக் வான் ஹாலந்து – ஹாரிச் இரவுக் கப்பல்: பிள்ளைகளோடும் நாலு சைக்கிள்களோடும்

அலைத்தடம்:

வணக்கம். ஏப்ரல் கடைசி வாரத்தில் நாங்கள் நாலு பேரும் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்திலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச்சுக்கு இரவுக் கப்பலில் போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன். கார் கிடையாது. ஆளுக்கொரு சைக்கிள், பெரியவர்கள் சைக்கிளில் பின்னால் இரண்டு பக்கமும் பைகள். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பும் கப்பல், இங்கிலாந்து நேரப்படி காலை 6:30க்குச் சேரும். அங்கிருந்து மூன்று நாள் ஸ்டவர் ஆற்றங்கரை ஊர்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போவதாகத் திட்டம்.

கேபின் விஷயமெல்லாம் புரிந்துவிட்டது. புரியாதது கப்பலுக்குள் ஏறும் அந்தப் பதினைந்து நிமிடம்தான். லாரிக்கும் காருக்கும் நடுவில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது? ஓட்டிக்கொண்டா, உருட்டிக்கொண்டா? உள்ளே எங்கே கட்டுவது? மகன் லாரிச் சத்தம் கேட்டாலே சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிடுவான். அவனை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிள்ளைகளோடு போனவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்:

இந்த வழியில் நாலு தடவை போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை பிள்ளைகளோடு. நீங்கள் கவலைப்படும் இடம் சரியான இடம்தான். கேபினுக்குள் போய்விட்டால் எல்லாம் சுலபம். அதற்கு முன்னால் நடப்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதலில் வரிசை. சைக்கிள்காரர்களும் கார்கள் போகும் அதே சாவடி வழியாகத்தான் போக வேண்டும். டிக்கெட், பாஸ்போர்ட் பார்த்தபின் ஒரு வரிசையில் நிற்கச் சொல்வார்கள், பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களோடு. திறந்த வெளி, கடல் காற்று நேராக அடிக்கும். அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அதனால் ஜாக்கெட்டைப் பையின் அடியில் வைத்துவிடாதீர்கள். சில நாள் சைக்கிள்களை முதலில் விடுவார்கள், சில நாள் கடைசியில். அது அன்றைய பணியாளர் கையில்.

அப்புறம் சரிவுப்பாதை. இரும்புத் தகடு, வழுக்காமலிருக்க மேலே வரம்பு வரம்பாக இருக்கும். நனைந்திருந்தால் அந்த வரம்பும் வழுக்கும். கரையும் கப்பலும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு இணைப்பு வரும், சின்னச் சக்கரம் அதில் தட்டும். பெரியவர்கள் ஓட்டலாம். 7 வயதுப் பையன் உருட்டிக்கொண்டு வரட்டும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் சுவர்ப் பக்கம்.

உள்ளே சத்தம் அதிகம். காற்றாடிகள், பின்னால் வரும் லாரிகளின் பீப் ஒலி, லாரியைத் தளத்தோடு பிணைக்கும் சங்கிலி இரும்பில் விழும் ஓசை, எல்லாம் கூரையில் மோதித் திரும்பி வரும். டீசல் வாடையும் இருக்கும். என் சின்னவளுக்கு முதல் தடவை கண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது தடவை, பட்டாசு நேரத்தில் குழந்தைகளுக்கு மாட்டுவார்களே, காதை மூடும் கவசம், அதை மாட்டிவிட்டேன். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் நீங்கள் சொல்வது அவனுக்குக் கேட்காது என்பதால், நில், வா என்று இரண்டு கை சைகை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது இப்படி. ஓரத்தில் கம்பி இருக்கும், அதில் சாய்க்கச் சொல்வார்கள். கயிறு கிடைக்கும், ஆனால் சைக்கிளுக்கு இரண்டு பட்டை நீங்களே கொண்டுபோவது நல்லது. கம்பிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு பழைய துணி. பட்டையைச் சக்கரத்தில் கட்டாதீர்கள். சக்கரம் உருண்டால் பட்டை தளர்ந்துவிடும். சட்டத்தில் கட்டுங்கள், ஒன்று சீட்டுக்குக் கீழே, ஒன்று ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில். கடைசியாக முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, லிவரையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். சக்கரம் இரவு முழுக்க நகராது. ஹேண்டில்பாரில் இருக்கும் மணியும் ஆடாது.

முக்கியமான இன்னொன்று: கப்பல் கிளம்பியபின் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மறந்ததை எடுக்க இறங்க முடியாது. அதனால் இரவுக்கு என்று ஒரே ஒரு பையைத் தனியாகக் கட்டி வைத்து, அதை மட்டும் மேலே கொண்டுபோங்கள். படிக்கட்டுக் கதவில் தள எண் எழுதியிருக்கும், அதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும்போது நாம் வந்த படிக்கட்டு எது என்று சத்தியமாக ஞாபகம் வராது.

காலைப்பனி:

எனக்கு வேறு கருத்து. 7 வயதுப் பிள்ளையோடு ஏன் இரவுக் கப்பல்? பகலில் போனால் கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம், ஏறும்போது வெளிச்சம் இருக்கும், பிள்ளையும் களைத்திருக்காது. நாங்கள் ஒரு தடவை (வேறு வழித்தடம், வேறு கடல்) இரவில் போனபோது காற்று பலமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி வாந்தி. சின்ன அறை, நடுராத்திரி, ஒரே ஒரு துண்டு. விடிந்ததும் சைக்கிளில் ஏற யாருக்கும் தெம்பு இல்லை. துறைமுகப் பெஞ்சிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பயமுறுத்தவில்லை, இதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம்கியர்:

காலைப்பனி, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ஹூக்கிலிருந்து பகல் கப்பல் மதியம் கிளம்பி ஹாரிச்சுக்குச் சேரும்போது மாலை முடிந்துவிடும். பாஸ்போர்ட் வரிசை முடித்து வெளியே வந்தால் இருட்டும் நேரம். புது நாடு, சாலையின் இடது பக்கம், பசித்த பிள்ளைகள். அதைவிடக் காலை 7 மணிக்கு வெளிச்சத்தில் இறங்குவதே மேல் என்பது என் எண்ணம். ஒரு முழு நாள் கையில் கிடைக்கிறது.

கடிகாரமும் நமக்குச் சாதகம். நெதர்லாந்தைவிட இங்கிலாந்து ஒரு மணி நேரம் பின்னால். இரவு 10 முதல் காலை 6:30 என்று பார்த்தால் எட்டரை மணி நேரம், ஆனால் உண்மையில் கப்பலில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். பிள்ளைகள் அவர்கள் வழக்கமாக எழும் நேரத்தில்தான் எழுவார்கள்.

கடல் ஆட்டத்துக்கு: இந்த வழியில் ஓடும் ஸ்டெனா ஹாலண்டிகா, ஸ்டெனா பிரிட்டானிகா இரண்டுமே 240 மீட்டர் நீளம். நீளமான கப்பல் சின்ன அலைக்கு அவ்வளவாக அசையாது. ஆனாலும் வட கடல் வட கடல்தான், காற்று எழுந்தால் தெரியும். கேபின் தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். முன்முனை ஏறி இறங்கும், நடு அவ்வளவு ஆடாது. ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவது மாதிரி. மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக் கடையில் பிள்ளைகளின் வயதைச் சொல்லிக் கேட்டு, கப்பல் கிளம்புமுன் கொடுத்துவிட வேண்டும். குமட்டல் ஆரம்பித்தபின் கொடுத்தால் அது வயிற்றில் தங்காது. அப்புறம், படுத்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும். அந்த வகையில் இரவுதான் வசதி.

அலைத்தடம்:

இரண்டு பேருக்கும் நன்றி. காலைப்பனி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நாலு துண்டும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். காதுக் கவசம் என் மனதில் தோன்றவே இல்லை, இன்றே வாங்குகிறேன். இன்னொரு கேள்வி. மாலை 5 மணிக்கெல்லாம் ஹூக் போய்விடுவோம். ஏறும் வரை பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது?

பழையதிசைகாட்டி:

அம்மா, நேராக ஹூக்குக்குப் போகாதீர்கள். மாஸ்லூயிஸ் ஊர்ப் பக்கமிருந்து, ராட்டர்டாமைக் கடலோடு சேர்க்கும் நியூவே வாட்டர்வேக் கால்வாயின் கரையோரமாகச் சைக்கிளில் வாருங்கள். வழியில் மாஸ்லாண்ட் வெள்ளத் தடுப்பு வாயில் வரும். 1997இல் திறந்தது. கடல் பொங்கினால் 360 மீட்டர் அகல நீர்வழியை இரண்டு வெள்ளைக் கதவுகள் மிதந்து வந்து மூடும். ஒவ்வொரு கதவும் 22 மீட்டர் உயரம், 210 மீட்டர் நீளம். மூடியது மிகச் சில தடவைதான். 2023 டிசம்பரில் நீர்மட்டம் உயர்ந்ததும் தானாகவே மூடிக்கொண்டது. பிள்ளைகள் கரையில் நின்று அந்தக் கதவின் கைகளைப் பார்த்தால் வாய் திறந்து நிற்பார்கள். நான் அறுபது வயதில் அப்படித்தான் நின்றேன்.

ஹூக் வந்ததும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. பெட்டிகளோடு நிற்கும் குழந்தைகள். 2011இல் வைத்தார்கள். 1938 டிசம்பரிலிருந்து 1939இல் போர் தொடங்கும் வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 10,000 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, நாஜிகளிடமிருந்து காப்பாற்றப் பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரயிலில் ஹூக் வந்து, இரவுக் கப்பலேறி ஹாரிச்சில் இறங்கினார்கள். நீங்கள் போகும் அதே நீர். முதல் குழுவைச் சேர்ந்த சுமார் 200 பேர் 1938 டிசம்பர் 2ஆம் தேதி காலை ஹாரிச் சேர்ந்தார்கள். ஹாரிச் பழைய நகரத்துக் கரையிலும் 2022இல் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள், கப்பலின் இறங்குபலகையில் இறங்கும் குழந்தைகள். 12 வயது மகளுக்குச் சொல்லலாம். சின்னவனிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வழித்தடம் 1893இல் தொடங்கியது. இடையில் 1997 முதல் 2007 வரை அதிவேகக் கப்பல் ஒன்று ஓடியது, நாலு மணி நேரத்துக்குள் கடலைத் தாண்டிவிடும். எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்திவிட்டார்கள். மெதுவாகப் போகும் கப்பல்தான் நிலைத்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சிவப்புமணி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது மின்சார சைக்கிள் ஒன்று, குழந்தையை உட்கார வைக்கும் பின்வண்டி ஒன்று. இதே கப்பலில் ஏற்றலாமா? நியூகாசில், ஹல் ஊர்களுக்குப் போகும் கப்பல்களையும் யோசிக்கிறோம்.

மூன்றாம்கியர்:

பின்வண்டியைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், நீளம் அகலத்தோடு. சாவடியில் போய்ச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியைச் சைக்கிளிலேயே விடுவதா, கழற்றி எடுத்துப் போவதா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாகனத் தளத்தில் சார்ஜ் போடும் எண்ணம் வேண்டாம். முழு சார்ஜோடு துறைமுகத்துக்கு வாருங்கள்.

ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ஐமாய்டனிலிருந்து நியூகாசில் போவது நீண்ட பயணம், மாலையில் ஏறினால் மறுநாள் காலை வரை ஆகும். வடக்கே போவதாக இருந்தால் அதுதான் சரி. ஹல் கப்பல் கிளம்பும் யூரோபோர்ட், ராட்டர்டாமிலிருந்து தள்ளி, துறைமுகத் தொழிற்பகுதிக்குள் இருக்கிறது. சின்னக் குழந்தையோடு அங்கே சைக்கிளில் போவது நீண்ட, காற்றடிக்கும் வழி. ஹூக்கில் மெட்ரோவே துறைமுக வாசலுக்கு வருகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் சைக்கிளையும் ஏற்றலாம். முதல் தடவை என்றால் நான் ஹாரிச்சைத்தான் சொல்வேன்.

இரட்டைப்பெடல்:

இறங்கியபின் என்ன என்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹாரிச் துறைமுகத்திலிருந்து லாரிகள் எல்லாம் ஏ120 நெடுஞ்சாலையில் போகும். அதில் பிள்ளைகளோடு போகவே கூடாது. ராம்ஸி ஊருக்குள் வந்து பி1352 சாலையைப் பிடியுங்கள். ராப்னெஸ், பிராட்ஃபீல்ட், மிஸ்ட்லி வழியாக மானிங்ட்ரீ வரைக்கும் போகும். வலது கைப் பக்கம் இடையிடையே ஸ்டவர் ஆற்றின் முகத்துவாரம் தெரியும். நெதர்லாந்தில் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் சின்ன மேடுகள்கூட மலையாகத் தெரியும், கியர் எல்லாம் சரியாக மாறுகிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். தனிச் சைக்கிள் பாதையை எதிர்பார்க்காதீர்கள், கார்களோடுதான் போக வேண்டும். அந்தக் காலை நேரத்தில் கூட்டம் குறைவு.

இடது பக்கம் ஓட்டுவது முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆபத்து அப்போது இல்லை. எங்காவது நின்று தண்ணீர் குடித்துவிட்டு, வெறிச்சோடிய சாலையில் மறுபடி கிளம்புவீர்கள் பாருங்கள், அப்போதுதான் பழக்கத்தில் வலது பக்கம் போய்விடுவோம். நானே போயிருக்கிறேன். என் பையன்தான் கத்தி நிறுத்தினான். அதற்குப் பிறகு எல்லோர் ஹேண்டில்பாரிலும் இடது பக்கம் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டோம். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் "ரிப்பன் பக்கம்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். வட்டச் சந்தியில் வலமாகச் சுற்ற வேண்டும் என்பதையும் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். சின்னவனை அங்கே இறக்கி நடக்க வைத்தாலும் தப்பில்லை.

அலைத்தடம்:

போய் வந்துவிட்டோம். இந்த இழையில் எழுதிய எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பழையதிசைகாட்டி ஐயா சொன்ன வழியில் மாஸ்லூயிஸிலிருந்து வந்தோம். வாயில் பக்கம் முக்கால் மணி நேரம் நின்றோம். மகன் அந்த வெள்ளைக் கையின் நீளத்தை நடந்தே அளக்கப் பார்த்தான், வேலி தடுத்துவிட்டது. சிலைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மகளிடம் கொஞ்சம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சிலையில் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்குள் என்ன எடுத்துப் போயிருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வரிசையில் ஐம்பது நிமிடம். நல்ல காற்று. ஜாக்கெட் மேலேயே இருந்ததால் தப்பித்தோம். அன்றைக்குச் சைக்கிள்களை முதலில் விட்டார்கள். மகனுக்குக் காதுக் கவசம் மாட்டி, சைகைகளை இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தேன். சரிவுப்பாதையின் அடியில் வந்ததும் நின்றுவிட்டான். நான் எதிர்பார்த்ததுதான். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருந்தன. என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், மஞ்சள் ஜாக்கெட் போட்ட பணியாளர் கையைத் தூக்கிப் பின்னால் இருந்தவர்களை நிறுத்திவிட்டு, இவனைப் பார்த்து "மெதுவாக வா" என்று சைகை காட்டினார். நாங்கள் பேசி வைத்திருந்த அதே சைகை. அதைப் பார்த்ததும் உருட்டத் தொடங்கிவிட்டான். மேலே போகிறவரை தலையை நிமிர்த்தவில்லை, தன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனான்.

கட்டுவதைப் பிள்ளைகளிடமே விட்டோம். கணவர் சட்டத்தில் பட்டையை இழுத்துப் பூட்ட, மகன் துணியைச் செருகினான். பிறகு பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பேண்டை அக்காளைச் சுற்றச் சொன்னான். இரண்டு சுற்று. சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தான். அதுவரைக்கும் நிற்காத லாரிச் சத்தம் அவனுக்கு எப்போது பழகியது என்று தெரியவில்லை.

ஒரு தவறு நடந்தது. கட்டும்போது மகளின் கண்ணாடியில் நீராவி படிந்துவிட்டது. கழற்றி முன்பைக்குள் வைத்தாள். மேலே கேபினுக்குப் போய்ப் பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. தளத்தைப் பூட்டியாகிவிட்டது. காலை வரை கண்ணாடி இல்லாமல்தான் இருந்தாள். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று துறைமுக விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அவளுக்கு எல்லா விளக்கும் மங்கிய வட்டமாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கு அது இன்னும் வருத்தம். இரவுப் பையைச் சரிபார்ப்பதோடு, தளத்தை விட்டுப் போகுமுன் ஒவ்வொருவரின் முகத்தையும் கையையும் ஒரு தடவை பாருங்கள்: கண்ணாடி, போன், மருந்து.

கேபின் நடுப்பகுதியில், சன்னல் இல்லாதது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கைக்கு மகளும் மகனும் போட்டி போட்டார்கள். படுக்கையில் லேசான அதிர்வு மட்டும் தெரிந்தது. துண்டுகளும் டப்பாக்களும் தேவைப்படவே இல்லை, ஆனாலும் அடுத்த தடவையும் கொண்டுபோவேன்.

காலையில் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துவிட்டது நல்லதாய்ப் போயிற்று. அந்த நேரத்தில் வெளியே எதுவும் திறந்திருக்கவில்லை. பி1352 சொன்னபடியே இருந்தது. ராப்னெஸ் தாண்டி ஒரு மேட்டில் நாலு பேருமே இறங்கித் தள்ளினோம். மிஸ்ட்லியில் அன்னப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும்போது நான்தான் வலது பக்கம் திரும்பினேன். "ரிப்பன் பக்கம்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

காலைப்பனி:

படிக்கச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்ததும் இரவிலா? அது எப்படி இருந்தது?

அலைத்தடம்:

திரும்பும்போது நீங்கள் சொன்னதுதான் சரி. ஹாரிச்சில் இரவு 11 மணிக்குக் கிளம்பி, நெதர்லாந்து நேரப்படி காலை 8 மணிக்கு ஹூக். போகும்போது கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை வரும்போது திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், கடலில் இருப்பது எட்டு மணி நேரம்தான். கப்பல் ஏறும்போதே மகன் சைக்கிள் மேல் தலையைச் சாய்த்துவிட்டான். காலையில் எழுப்பவே முடியவில்லை. அடுத்த தடவை போவதற்கு இரவு, வருவதற்குப் பகல் என்று முடிவு செய்துவிட்டோம். அப்புறம், இங்கிலாந்திலிருந்து வரும்போது இறைச்சி, பால் பொருட்கள் வைத்த ரொட்டியை எல்லாம் கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

மூன்றாம்கியர்:

பட்டைகள் தாங்கினவா? இரண்டு தடவையும்?

அலைத்தடம்:

தாங்கின. வரும்போது காற்று கொஞ்சம் இருந்தது, பக்கத்தில் இருந்த ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது, எங்களுடையது அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டை, துணி எல்லாம் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன். மகன் சைக்கிளின் கைப்பிடியில் அந்த ரப்பர் பேண்ட் மட்டும் இன்னும் இருக்கிறது. பள்ளியில் சைக்கிளை நிறுத்தும்போதும் பிரேக்கை அழுத்தி அதை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறானாம்.